கமலாசனி மிஸ் டைப்பிங்

மனித குலத்தின் மன உளைச்சல் அனைத்துக்கும் மூலகாரணம் வாட்ஸ்அப்பின் புளூ டிக் என்பதைத் திலக்ஷன் கண்டுபிடித்து, கெம்பஸ் கென்டீனில் ரோல்ஸ் கடித்தபடி உலகுக்கு அறிவித்தான். அறிவித்ததோடு நில்லாமல் தன் போனில் அதை நிறுத்தினான். பெட்ச் குரூப்பையும் மியூட் பண்ணி வாயடைத்தான். அறைத் தோழன் சேந்தன் சிக்னலுக்காக ஜன்னலில் போனைத் தூக்கிப் பிடித்தால் போதும், திலக்ஷன் தொடங்கிவிடுவான்.

"என்னடா, சாமிக்குத் தீபாராதனையா? கை வலிக்கப் போகுது!"

யாழ்ப்பாணத்துச் சேந்தன் போனை இன்னும் கொஞ்சம் உயர்த்துவான்.

வெள்ளிக்கிழமை, திலக்ஷன் வீட்டுக்குப் போக ஹுன்னஸ்கிரிய பஸ்ஸில் ஏறி, ஜன்னலோரம் பிடித்து, தெல்தெனியவையும் தாண்டிய பிறகுதான் சேந்தனிடமிருந்து கோல் வந்தது.

"மச்சான், திங்கக்கிழமை பிரசென்டேஷனுக்கு இண்டைக்கே பேர் குடுக்கட்டாம். கமலாசனி மிஸ் காலமையே குரூப்பில போட்டவ. குடுக்காத ஆக்கள் அடுத்த வருசம் ஜூனியர்மாரோடயாம்."

"காலையிலேயா? ஏன்டா சொல்லல?"

"நீதானே நிம்மதியா இருக்கிறன் எண்டனீ. ஏன் குழப்புவான் எண்டு விட்டிட்டன்."

திலக்ஷன் மிஸ்ஸுக்குத் தனியாக எழுதினான். 'ஹாய் மிஸ்.' அனுப்பிய பிறகுதான் அது காதலிக்கு எழுதுவது போலப் பட்டது. அழித்தான். செய்தி போனது, 'செய்தி அழிக்கப்பட்டது' என்ற கல்லறை நின்றது. 'பெருமதிப்புக்குரிய மிஸ் அவர்களுக்கு' என்று தொடங்கி அனுப்பியது மரண அறிவித்தல் போலிருந்தது. அதையும் அழித்தான். இரண்டாவது கல்லறை. இனி மிஸ் என்ன நினைப்பார்? யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, புளூ டிக்கை மறுபடி இயக்கிவிட்டு, மூன்றாவதை அனுப்பினான்: 'மிஸ், என் பேரையும் போடுங்க ப்ளீஸ்.'

நீலமானது.

டைப்பிங் என்று வந்தது. நின்றது. மறுபடி வந்தது. ஒரு 'ஓகே'க்கு இவ்வளவு நேரமா? பெயர் போட்டாச்சா, அல்லது அந்தக் கல்லறைகளுக்கு விளக்கம் கேட்கிறாரா? பஸ் மலை ஏறத் தொடங்க, சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாய் உதிர்ந்தன. வீட்டுப் பக்கம் சுத்தமாக இருக்காது.

"அண்ணே, இறக்கம்!"

"மெதன கெயக்வத் நே, மல்லி," என்றார் கண்டக்டர் சிங்களத்தில். ஒரு வீடுகூட இல்லாத இடத்தில் இறங்கும் தம்பியை அவர் அனுதாபத்தோடு பார்த்தார்.

பஸ் வளைவில் மறைந்தது. கீழே விக்டோரியா நீர்த்தேக்கம் வெயிலில் மின்னியது. திலக்ஷன் பாதையோர மதகுக் கட்டின் மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, இரண்டு கைகளாலும் போனைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, அண்ணாந்து பார்த்தான்.

டைப்பிங்.