திங்களன்றே எழுதிய வெள்ளிக்கிழமை

ஐஸ்கிரீம் கம்பெனியில் அவளுக்கு இடம் கிடைத்தது என்றதும் வீட்டில் எல்லாருக்கும் வாயில் எச்சில் ஊறியது. "குடுத்து வெச்சவடி நீ," என்றாள் அக்கா. நாலு மாத வேலைப்பயிற்சி. கடைசியில் கம்பெனி கையெழுத்துப் போட்டால்தான் உணவு அறிவியல் பட்டம்; இல்லாவிட்டால் இன்னொரு வருஷத்தைக் கல்லூரிக்கே தாரை வார்க்க வேண்டும். உள்ளே போய்ப் பார்த்தால் அல்லவா தெரிகிறது லட்சணம்! புளித்த பால் வாடை தலைமுடி வரைக்கும் ஏறிக்கொண்டு, எத்தனை முறை குளித்தாலும் இறங்க மாட்டேன் என்றது.

வாடையைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், பரிசோதனைக்கூடத்துத் தலைவரைப் பொறுக்க முடியவில்லை. எதை நீட்டினாலும் 'ஓகே' என்று எழுதுவதால் அவருக்கு ஓகே சார் என்றே பெயர். தினமும் ஒவ்வொரு இயந்திரத்தையும் பஞ்சுக்குச்சியால் தடவி, அதைக் கண்ணாடித் தட்டில் தேய்த்து, எத்தனை கிருமிப் புள்ளிகள் வளர்கின்றன என்று இரண்டு நாள் பார்க்க வேண்டும். மகானுபாவர் என்ன செய்வார் தெரியுமா? திங்கட்கிழமை காலையில் டீயும் கையுமாக உட்கார்ந்து வெள்ளிக்கிழமை வரைக்குமான முடிவுகளை ஒரே மூச்சில் எழுதிவிடுவார். இரண்டாம் வாரமே பேனாவை அவள் கையில் திணித்தார்.

"சார், இன்னும் தடவவே இல்லையே?"

"என்னைக்கும் சுத்தமாத்தானே இருக்கு? எழுதும்மா. எல்லாத்துக்கும் சைபர் போட்டுடாதே. அங்கங்க ரெண்டு, மூணுன்னு போடு. பார்க்கிறவனுக்கு நம்பிக்கை வரணும்ல?"

எழுதினாள். பல்லைக் கடித்துக்கொண்டு வாராவாரம் எழுதினாள். கையெழுத்து வேண்டுமே! மூன்றாவது மாதத்தில், எங்கே இரண்டு போட்டால் அழகாக இருக்கும், எங்கே மூன்று போட வேண்டும் என்பதெல்லாம் அவளுக்கே அத்துப்படியாகிவிட்டது. சீ, என்ன பிழைப்பு இது!

கடைசி வாரம் செவ்வாய்க்கிழமை, கப் நிரப்பும் இயந்திரத்தைக் கழுவுகிற ஆள் வரவில்லை. அவளை அனுப்பினார்கள். குழாய் வாயிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றியதுதான் தாமதம், மஞ்சளாகச் சளி மாதிரி ஒன்று விரலோடு வழுவழுவென்று வந்தது. உவ்வே! கழிப்பறைக்கு ஓடிக் குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். அன்று காலையிலிருந்து அதன் வழியாகத்தான் அத்தனை கப்பும் நிரம்பியிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்தாள். நாலு மாதத்தில் அவள் ஒழுங்காகச் செய்த முதல் சோதனை அது.

வியாழக்கிழமை அந்தத் தட்டில் குண்டூசி வைக்க இடமில்லை. எண்ணிப் பார்க்கவே முடியாதபடி கிருமிப் புள்ளிகள் ஒன்றின் மேல் ஒன்றாக மொய்த்துக் கிடந்தன. கொண்டுபோய் ஓகே சார் மேசையில் வைத்தாள்.

"செவ்வாய்க்கிழமைச் சரக்கு, சார். சாயங்காலம் வண்டி ஏறப்போகுது."

தட்டை ஒரு பார்வை, அவளை ஒரு பார்வை. பதறுவார் என்று நினைத்தாள். மனிதர் சிரித்தார்! இழுப்பறையிலிருந்து அவளுடைய மதிப்பீட்டுத் தாளை எடுத்து, 'நேர்மை' என்ற கட்டத்தில் பத்துக்குப் பத்து போட்டு, அடியில் கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

"பலே ஆளும்மா நீ! இதைக் காட்டி என்கிட்டயே காரியத்தைச் சாதிச்சுட்டியே. எங்க போனாலும் பொழைச்சுக்குவே."

தட்டு குப்பைக்கூடைக்குப் போயிற்று. அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. தன்னையும் அவர் தன் ஜாதியில் சேர்த்துவிட்டார் என்பதற்காக மட்டுமில்லை. தாளை அவள் கை எப்போதோ வாங்கிக்கொண்டிருந்தது. அந்தக் கையைப் பார்க்கத்தான் சகிக்கவில்லை.

தாளை மேசையிலேயே வைத்துவிட்டு, சுவர் மாடத்திலிருந்த சிவப்புச் சீட்டுக் கட்டை உருவினாள். அந்தச் சீட்டு ஒட்டிய சரக்கை மறுபடி சோதிக்காமல் யாரும் அசைக்கக் கூடாது.

"ஏம்மா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? ஒரு வருஷம் வீணாப் போயிடும்!"

"நாலு மாசம் போச்சே சார், அதைச் சொல்லுங்க."

குளிர் அறையில் பெட்டி பெட்டியாக ஒட்டிக்கொண்டு போனாள். சரக்கு ஏற்றுகிறவர் ஓடி வந்தார்.

"யாரும்மா ஒட்டச் சொன்னது? ஓகே சாரா?"

"யாரும் சொல்லலண்ணே. நான்தான்."

"பயிற்சிக்கு வந்த பொண்ணு நீ. பின்னால ஏதாவதுன்னா உன் தலைதாம்மா உருளும்."

"அது உருண்டாச்சுண்ணே. நீங்க வண்டியை நிறுத்துங்க."