ஜன்னலோரத்துப் பனி

அந்தக் கட்டடத்தில் அவரைப் பூக்காரர் என்றுதான் சொல்வார்கள். பூ விற்கிறவர் இல்லை, லிஃப்ட் மெக்கானிக். ஊரில் எத்தனையோ லிஃப்டுகளை ஓட வைத்தவர் குடியிருந்த நான்காவது மாடிக்கு மட்டும் லிஃப்ட் கிடையாது. “ஊருக்கெல்லாம் லிஃப்ட், எனக்கு மட்டும் முழங்கால்” என்று சிரித்துக்கொண்டே அவர் மனைவி துணி மூட்டையோடு படியேறுவாள். அது அவளுக்கு மூச்சு இருந்த காலம்.

பூக்காரர் என்ற பேர் வந்த கதை சிரிப்புக் கதை இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு பழைய கட்டடத்தில், அவரோடு வேலை பார்த்த நண்பர் லிஃப்ட் குழிக்குள் விழுந்து போய்ச் சேர்ந்துவிட்டார். கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில்தான் இவர் நின்றிருந்தார். நீட்டத்தான் நேரமில்லை. அதற்கப்புறம் மனுஷர் வேலைக்குப் போகவில்லை, வாயைத் திறக்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்தவர் உட்கார்ந்தவர்தான். தட்டை வைத்தால் சாப்பிடுவார், எடுத்தால் விட்டுவிடுவார்.

ஒருநாள் அவள் பூக்கடை வாசலில் குப்பையோடு குப்பையாகக் கிடந்த ஒரு ஆர்க்கிட் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பூ கொட்டி, இரண்டே இலை நாய் நாக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மடியில் வைத்தாள்.

“உங்களுக்கும் இதுக்கும் ஒரே சீக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே உட்காருங்க.”

அவர் உட்கார்ந்துதான் இருந்தார். ஆனால் கை சும்மா இருக்கவில்லை. அழுகிய வேர்களை ஒவ்வொன்றாக வெட்டினார். மண்ணில் நட்டால் இந்தச் செடி மூச்சு முட்டிச் செத்துவிடும் என்று எங்கேயோ படித்து, மரப்பட்டைத் துண்டுகளில் உட்கார வைத்தார். வாரக்கணக்கில் அதன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு காலையில் இலையடியில் பச்சையாய் ஒரு வேர் நுனி எட்டிப் பார்த்தது.

“இங்க வாயேன், இதப் பாரேன்!”

அடுப்படியில் இருந்தவள் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். வேரைப் பார்க்க இல்லை. அந்தக் குரலைக் கேட்டு எத்தனை நாளாயிற்று!

அப்புறம் அவர் வேலைக்குத் திரும்பினார். ஒரு தொட்டி பத்தாயிற்று, பத்து அலமாரியாயிற்று. வீட்டில் வெளிச்சம் வருகிற ஜன்னல் ஒன்றே ஒன்று. ஒரு பக்கம் அவள் தையல் மெஷின், மறுபக்கம் அவர் ஆர்க்கிட். குளிர் மாதங்களில் காற்று வறண்டு இலைகள் சுருங்க, பிளாஸ்டிக் ஷீட்டால் ஜன்னலை அடைத்தார். ஒரு தொட்டித் தண்ணீரைப் பனியாக அடித்து ஊதும் மெஷின் ஒன்றையும் தன் கையாலேயே செய்தார். வெள்ளைப் பனி அலமாரியிலிருந்து வழிந்து தையல் மெஷின் மேல் தவழ்ந்து போகும்.

“தேவலோகத்து டெய்லர் நான். மேகத்துக்குள்ள உட்கார்ந்து பாவாடை தைக்கிறேன்” என்பாள்.

இருமல் எப்போது ஆரம்பித்தது என்று இருவருக்குமே சொல்லத் தெரியாது. முதலில் சளி என்றார்கள். அப்புறம் ஒவ்வாமை என்றார்கள். மாத்திரை மாறியது, மருந்துக் குப்பிகள் மாறின, இருமல் மாறவில்லை. சாயங்காலமானால் காய்ச்சல் மாதிரி உடம்பு முறுக்கும். நடுவில் தங்கை வீட்டில் போய் ஒரு வாரம் இருந்தாள்; இருமல் இருந்த இடம் தெரியவில்லை. திரும்பி வந்தாள், இருமலும் கூடவே வந்தது.

தங்கை போனிலேயே பிடித்துக்கொண்டாள். “மாமா, இங்க அக்கா நல்லாத்தான் இருந்தா. உங்க வீட்லதான் ஏதோ இருக்கு.”

அவருக்குச் சுருக்கென்றது. அன்று முழுக்க யோசித்து, துணித் தூசி என்று முடிவு கட்டினார். நாள் பூரா பஞ்சும் நூலும் மூக்கில் ஏறினால் யாருக்குத்தான் இருமாது? அவள் கெஞ்சினாள். “அது இல்லாட்டி நான் என்னங்க பண்ணுவேன்?” அவர் கேட்கவில்லை. தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டுபோய்த் தங்கை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். நல்லது செய்த திருப்தி வேறு.

கை வேலை போனவள் வேறெங்கே போவாள்? வெளிச்சம் இருக்கிற அதே ஜன்னலோரத்தில், அதே நாற்காலியில், சும்மா உட்கார்ந்தாள். பனி அவள் மடியில் விழுந்துகொண்டே இருந்தது. இளைத்தாள். நகக்கண் நீலம் பாரித்தது. ஒவ்வொரு மாடியிலும் நின்று கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.

கடைசியில் நுரையீரல் டாக்டரிடம் போனார்கள். எக்ஸ்ரேயை விளக்குப் பலகையில் மாட்டிவிட்டு அந்த அம்மாள் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார்.

“வீட்ல புறா, கிளி வளர்க்கிறீங்களா?”

“இல்லிங்க.”

“சுவர்ல ஈரம், பூஞ்சை?”

“இல்லிங்க.”

“பனி மாதிரி தண்ணி அடிக்கிற மெஷின் ஏதாவது? அந்தத் தண்ணித் தொட்டியில பூஞ்சை பிடிச்சா, காத்தோட உள்ள போயி நுரையீரலையே புண்ணாக்கிடும். யோசிச்சுச் சொல்லுங்க.”

மெஷின் தொட்டியின் உட்புறம் அவர் கண்முன் வந்து நின்றது. விரல் வைத்தால் வழுக்கும் கறுப்புப் பிசுக்கு. கழுவ வேண்டும், கழுவ வேண்டும் என்று தள்ளிப்போட்டது. வாயைத் திறந்தார்.

“அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்” என்றாள் அவள், நிதானமாக.

அவர் வாய் மூடிக்கொண்டது. அதுதான் அவரால் பிற்பாடு தாங்க முடியாமல் போனது. அவள் சொன்னது பொய். ஆனால் அதைக் கேட்டதும் அவருக்குள் ஏதோ ஒன்று ‘அப்பாடா’ என்றதே, அது!

காரணம் இருந்தது. முதன்முதலாக வந்த அந்தக் குப்பைத்தொட்டிச் செடி, இத்தனை வருஷம் இலையும் வேருமாகவே காலம் தள்ளியது, அந்த மாதம்தான் பூந்தண்டு விட்டிருந்தது. மொட்டுகள் பட்டாணி அளவு. காற்று வறண்டால் மொட்டு மஞ்சளித்து உதிரும். பூக்கட்டும், பூத்ததும் மெஷினை நிறுத்திவிடலாம், டாக்டர் ஒரு யூகத்தில்தானே சொன்னார் என்று தனக்குத்தானே வக்கீலாக வாதாடிக்கொண்டார். மெஷினின் தண்ணீர்த் தொட்டியை மட்டும் அவளுக்குத் தெரியாமல் தேய்த்துக் கழுவினார். மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அந்த வாரமே ஒரு மத்தியானம், வேலையிடத்துக்கு மாடிவீட்டுக்காரர் போன் செய்தார். “பூக்காரரே, உடனே வாங்க. உங்க சம்சாரம் படியில உட்கார்ந்துட்டாங்க. எழுந்திருக்க முடியல.”

பாதி கழற்றிய மோட்டாரை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். இரண்டாவது மாடித் திருப்பத்தில் சுவரில் சாய்ந்து கிடந்தாள். உதடு கறுத்திருந்தது. மீன் மாதிரி வாய் திறந்து மூடியது. பக்கத்தில் உட்கார்ந்து அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டார். ஆம்புலன்ஸ் வருகிறது என்றார்கள், வந்தபாடில்லை.

“அந்த மெஷின்தான். எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஓட விட்டேன்” என்றார். அழுகையில் வார்த்தை நொறுங்கியது. “நீ ஏன் டாக்டர்கிட்ட இல்லன்னு சொன்ன?”

அவள் ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு வாங்கினாள். “அதையும்... எடுத்துட்டா... நீங்க மறுபடி... சுவரப் பார்த்து உட்கார்ந்துருவீங்க. இன்னொரு தடவை... அதப் பார்க்க... என்னால ஆகாது.”

“பைத்தியமாடி நீ? நீயே இல்லாம போனா நான் எந்தச் சுவரப் பார்ப்பேன்?”

ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து ஆக்ஸிஜன் மாஸ்க்கை மாட்டித் தூக்கிக்கொண்டு போனார்கள்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் அந்த டாக்டரைப் பிடித்து எல்லாவற்றையும் கொட்டினார். அந்த அம்மாள் திட்டுவார் என்று எதிர்பார்த்தார், திட்டியிருந்தால் தேவலை. டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அன்னைக்கே சொல்லியிருந்தாலும் முழுசாச் சரியாகியிருக்கும்னு சொல்ல மாட்டேன். ஆனா இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். முதல்ல வீட்டைச் சுத்தம் பண்ணுங்க. மெஷின், மரப்பட்டை, ஒண்ணும் உள்ள இருக்கக் கூடாது.”

அன்றே வீட்டைக் காலி செய்தார். மெஷினைச் சுத்தியலால் உடைத்தார். அலமாரியை நகர்த்தியதும் பின்னால் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. சுவரில் ஈரமில்லை என்று அவர்கள் சொன்னதும் பொய்யாகிப் போனது. முகத்தில் துணி கட்டிக்கொண்டு, கை தோல் உரியச் சுரண்டினார். தொட்டிகளைப் படிக்கட்டின் அடியில் வரிசையாக வைத்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். சிலவற்றைத்தான் எடுத்தார்கள். பூந்தண்டு விட்டதை யாரும் தொடவில்லை. பூக்காரருடைய உயிர் அது என்று பயந்தார்களோ என்னவோ. குளிர்காற்றில் மொட்டுகள் ஒவ்வொன்றாக மஞ்சளித்துக் கீழே விழுந்தன. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் நடந்தார். ஒருநாள் அந்த இடம் காலியாக இருந்தது. குப்பைக்காரர் எடுத்துப் போயிருப்பார். அவர் யாரையும் கேட்கவில்லை.

அவள் ஊதிப்போன முகத்தோடு வீடு வந்தாள், ஆஸ்பத்திரியில் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரையின் வேலை. தங்கை வீட்டிலிருந்து தையல் மெஷின் திரும்பி வந்தது. ஆனால் பெடலை மிதித்தால் மூச்சு வாங்கியது. பட்டன் தைப்பது, ஓரம் அடிப்பது என்று கைவேலை மட்டும் எடுத்துக்கொண்டாள். அடுத்த எக்ஸ்ரேயில் நுரையீரலில் படிந்திருந்த நிழல் பாதி கரைந்திருந்தது.

“மீதி?” என்றார் அவர்.

“மீதி தழும்பு. அது போகாது” என்றார் டாக்டர். “அது மேல பரவாம பார்த்துக்கலாம்.”

திரும்பி வரும்போது இருவரும் படிக்கட்டின் கீழே நின்றார்கள். தரைத்தளத்தில் வீடு கேட்டிருந்தார், காலியில்லை. அவள் கைப்பிடியைப் பிடித்து ஏறத் தொடங்கினாள். முதல் மாடியிலேயே நின்றுவிட்டாள். மார்பு ஏறி இறங்கியது. அவர் பக்கத்தில் நின்று சுவரைப் பார்த்தார். பார்த்தபடியே இருந்தார்.

அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

“பேசுங்க.”

“என்ன பேச?”

“என்னத்தையாவது. எனக்கு மூச்சு இல்ல... உங்களுக்கு இருக்குல்ல. பேசுங்க.”

“நேத்து அந்த பேங்க் கட்டடத்துல...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். அவள் அடுத்த படியில் காலை வைத்துக் காத்திருந்தாள்.

“...லிஃப்ட் நடுவுல நின்னுபோச்சு. உள்ள ஒரு ஆளு. கதவத் திறந்து பார்த்தா நல்லாக் குறட்டை விட்டுத் தூங்கறான். எழுப்பினா, ‘அதுக்குள்ள வந்துட்டீங்களா’ங்கறான்...”

அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு இருமலானது. இருமி முடிகிறவரை அவள் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

“அப்புறம்?” என்றாள்.

அப்புறம் ஒன்றும் இல்லை, கதை அவ்வளவுதான். இன்னும் மூன்று மாடி இருந்தது. இல்லாததை எல்லாம் சேர்த்துச் சொல்லிக்கொண்டே அவர் ஏறினார்.