ஏப்ரல் ஒன்றாம் தேதி இந்த வீட்டில் எத்தனை பேர்

நான் போனபோது எமில் வார்கோ வாசலில் குனிந்து நின்று தபால் பெட்டிக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார். கறுப்புத் தகரப் பெட்டி. அதில் வெள்ளை எழுத்தில் இரண்டு பெயர்கள். ஒவ்வொரு மே மாதமும் அந்த எழுத்துகளின் மேல் பிரஷ்ஷை ஓட்டிப் புதுசாக்கிவிடுவார். மேல் வரியில் ரோசலி முடிந்து ஈரமாகப் பளபளத்தது. கீழ் வரியில் அவருடைய பெயர் போன வருஷத்து மங்கலோடு காத்திருந்தது.

“எட்டி நில்லு மார்லீன். ஈரம். கையில பட்டா லேசுல போகாது” என்றார், திரும்பிப் பார்க்காமலே.

“நான்தான்னு எப்படித் தெரியும்?”

“அந்தக் கறுப்புப் பையை மாட்டிக்கிட்டு ரெண்டு வாரமா தெருத்தெருவா அலையறியே. உன்னைப் பார்த்ததும் ஊர்ல பாதிப் பேர் திரையை இழுத்து விடறான், மீதிப் பேர் காபி போடறான்.”

பொய்யில்லை. முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றதும், மக்கள்தொகைக் கணக்கு எடுக்க ஆள் தேவை என்றார்கள். சேர்ந்துவிட்டேன். கேட்டதை எவரிடமும் சொல்ல மாட்டேன் என்று கை தூக்கிச் சத்தியம் செய்து கொடுத்த வேலை அது. அதனால் இங்கே பெயர்களை மாற்றியிருக்கிறேன். கார்விக் ஊர்க்காரர்கள் எப்படியும் யார் யாரென்று கண்டுபிடித்துவிடுவார்கள். அவர்களுக்கு எல்லாம் முன்பே தெரியும், என் சத்தியத்துக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

கார்விக் ஒஹாயோ ஆற்றங்கரையில் இருக்கிறது. பீங்கான் தட்டு செய்த ஊர். மேட்டில் ஸ்லோவாக்கியர்கள், ரயில் பாதையோரம் இத்தாலியர்கள், சூளை வேலைக்கு அலபாமாவிலிருந்து வந்த கறுப்பர்கள் நாலாவது தெருவில். ஆளுக்கொரு தேவாலயம், ஆளுக்கொரு கிளப், அடுத்தவன் வீட்டு ரொட்டி வேகாத ரொட்டி என்பதில் மட்டும் எல்லோரும் ஒரே கருத்து. பீங்கான் ஆலை மூடியதும் பிள்ளைகள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். என் பஸ்ஸில் பின் இருக்கைகள் காலியாகிக்கொண்டே முன்னால் வந்ததை நான் கண்ணாடியில் பார்த்தவள். பிறகு கோழி இறைச்சி ஆலை வேலைக்கு குவாத்தமாலாக்காரர்கள் வந்தார்கள். மேட்டில் இருண்டு கிடந்த வீடுகளில் மறுபடி விளக்கு எரிந்தது, பின் இருக்கைகளில் மறுபடி சண்டை நடந்தது. எனக்கு அந்தச் சத்தம் பிடித்திருந்தது. இந்த ஊரை எனக்குப் பிடிக்கும், அதை ஒளித்து என்ன ஆகப்போகிறது.

பத்து வருஷத்துக்கு முன் எண்ணியபோது நாங்கள் ஐயாயிரத்து நாற்பத்தொரு பேர். எங்கள் மாநிலச் சட்டப்படி ஐயாயிரத்துக்கு ஒரு தலை குறைந்தாலும் நகரம் கிராமமாகிவிடும். எதிர்க்கரையில் இருக்கும் மார்ட்டன் ஊர்க்காரர்கள் அதற்குள்ளேயே, “என்ன, கிராமத்துலேர்ந்தா வர்றீங்க?” என்று ஆரம்பித்துவிட்டார்கள். அதனால் நான் கதவைத் தட்டிய இடத்திலெல்லாம் ஆட்கள் பெருகினார்கள். நாலாவது தெரு ஒடெசா ப்ரூயிட், ஜார்ஜியாவுக்குப் போய் ஆறு வருஷமான மகனை எழுதச் சொல்லி அடம் பிடித்தாள். “அவன் அங்க இருந்தா என்ன? தூண்டில் இங்கதானே மாட்டியிருக்கு? தூண்டில் இருக்கிற இடந்தான் ஆம்பளை இருக்கிற இடம்.” ஒருவர் நாயைச் சேர்த்தார். சிரித்துக்கொண்டே அந்தப் பெயர்களையெல்லாம் கோடு போட்டு அடித்தேன். என் படிவத்தை நிரப்பும்போது, கொலம்பஸில் இருக்கும் என் மகளுக்காக என் பென்சிலும் கொஞ்ச நேரம் அந்தரத்தில் நின்றது என்பதை அவர்களிடம் சொல்லவில்லை.

எமில் என் அப்பாவோடு சூளையில் வேலை பார்த்தவர். எண்பத்தொரு வயது. அவருக்கு வந்த படிவத்தைத் திருப்பி அனுப்பவில்லை என்றுதான் என்னை அனுப்பியிருந்தார்கள். சமையலறையில் உட்கார வைத்து, வால்நட் ரொட்டி வெட்டிக் கொடுத்துவிட்டு, கடிகாரத்துக்குப் பின்னாலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். ஏப்ரல் ஒன்றாம் தேதி இந்த வீட்டில் எத்தனை பேர் என்ற முதல் கேள்விக்கு மட்டும் பதில் எழுதியிருந்தது. இரண்டு.

“மிஸ்டர் வார்கோ…” என்றேன்.

“ரெண்டுதான். வெளியில பெட்டியிலயே இருக்கு, பார்த்தேல்ல?”

அவர் மனைவி ரோசலி பதினொரு மாதமாக அடுத்த மாவட்டத்தில் ஒரு முதியோர் காப்பகத்தில் இருந்தாள். ஞாபகம் முழுக்கப் போய்விட்டது. இரண்டு தடவை அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்த பிறகு எமிலே கொண்டு போய் விட்டார். தினமும் மதியம் காரெடுத்துப் போவார். காப்பகத்தில் இருப்பவர்களை அங்கேதான் எழுதுவார்கள் என்று என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன்.

“அந்த ஊர்க் கணக்குலயா?”

“ஆமா.”

“அந்த ஊர்ல அவளுக்கு ஒரு ஆளைத் தெரியாது. அவ பொறந்தது இந்த மேட்டுல. கல்யாணம் ஆனது அதோ, அந்தக் கோயில்ல. அம்பத்தஞ்சு வருஷமா இந்த ஜன்னல்ல நின்னுக்கிட்டுத்தான் பாத்திரம் கழுவினா. இப்ப எவனோ எண்ணிக்கிட்டுப் போயிட்டானா?”

“அதுதான் சட்டம், மிஸ்டர் வார்கோ. ஏப்ரல் ஒண்ணாம் தேதி எங்க இருந்தாங்களோ…”

“சரி. ஏப்ரல் ஒண்ணாம் தேதி நான் எங்க தூங்கினேன் தெரியுமா? அவ கட்டில் பக்கத்துல, நாற்காலியில. நர்ஸம்மாவே போர்வை கொண்டாந்து போட்டா. வாரத்துல நாலு நாள் அப்படித்தான். என்னையும் அங்கயே எழுது.”

“அப்ப இந்த வீடு?”

“பூஜ்யம் போடு.”

கொரியப் போருக்குப் போனதைத் தவிர இந்த ஊரை விட்டு எங்கும் குடிபோகாத மனுஷன் அப்படிச் சொன்னதும் நான் பையிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். அதில் இதற்கும் பதில் இருந்தது. அவசரத்தில் அதை அப்படியே சொல்லித் தொலைத்தேன்.

“அப்படி எழுத முடியாது. அங்க நீங்க விருந்தாளிக் கணக்கு.”

அவர் ரொட்டிக் கத்தியைக் கீழே வைத்தார்.

“அம்பத்தஞ்சு வருஷப் பொண்டாட்டிக்கு நான் விருந்தாளியா? அவளே தினமும் ‘நீங்க யாரு, யாரைப் பார்க்க வந்திருக்கீங்க’ன்னு கேக்கறா. இப்ப கவர்ன்மென்ட்டும் அதையே கேக்குதா?”

ரொட்டியைப் பிய்த்தேன், தின்ன முடியவில்லை. பேச்சை மாற்றுவதற்காக அடுத்த படிவத்தை எடுத்தேன். பக்கத்து வீடு. மூன்று தடவை தட்டியும் கதவு திறக்கவில்லை. திரை மட்டும் அசைந்தது. அப்படிப்பட்ட வீட்டுக்கு அண்டை வீட்டாரைக் கேட்டு எழுதலாம் என்று விதி.

“பக்கத்து வீட்ல எத்தனை பேர்?”

“ரெண்டு பேர்” என்றார், கண் சிமிட்டாமல்.

ஜன்னலுக்கு வெளியே, அவர்கள் வீட்டுப் பின்வாசலில் ஆலைக்குப் போட்டுப் போகும் ரப்பர் பூட்ஸ்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. ஆறு ஜோடி. கொடியில் குழந்தைச் சட்டைகள். நான் அதைப் பார்ப்பதை அவர் பார்த்தார்.

“சுத்தமான ஜனங்க. மாத்தி மாத்திப் போடுவாங்க” என்றார்.

ஆக, மனிதர் தன் வீட்டில் இல்லாத ஒருத்தியைக் கூட்டினார், பக்கத்து வீட்டில் இருக்கிறவர்களைக் கழித்தார். இரண்டும் பிரியத்தால்தான், ஆனால் என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பின்கதவு திறந்து பக்கத்து வீட்டு ஹெர்மெலிண்டா உள்ளே வந்தாள். மக்காச்சோள மாவை வாழையிலையில் சுற்றி வேகவைத்த தமாலே ஒரு கிண்ணம் நிறைய. வெள்ளிக்கிழமை தவறாமல் இவருக்குக் கொண்டுவருவாள் போலிருக்கிறது, தட்டாமலே வந்தாள். என் பையைப் பார்த்ததும் கிண்ணத்தோடு அப்படியே நின்றுவிட்டாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

“பஸ்ஸம்மா! நீங்களா? கதவைத் தட்டினது நீங்களா?”

“நானேதான். உன் பிள்ளைங்க ரெண்டையும் நாலு வருஷம் ஏத்தி இறக்கினவளுக்குக் கதவைத் திறக்க மாட்டேங்கறியே.”

“பயப்படாதே, ரெண்டு பேர்னு சொல்லிட்டேன்” என்றார் எமில்.

அவள் கிண்ணத்தை மேசையில் வைத்தாள். “வீட்டு ஓனர் நாலு பேர்தான் இருக்கலாம்னு எழுதி வாங்கியிருக்கார்” என்றாள் என்னிடம், தாழ்ந்த குரலில். “இந்தக் காகிதம் அவர்கிட்டப் போகுமா?”

“போகாது. நான் வெளியில சொன்னா என்னை உள்ள போட்டுடுவாங்க. ஆறாவது படிக்கிற பிள்ளைங்க என் பஸ்ல பேசின ரகசியத்தையே நான் எவ கிட்டயும் சொன்னதில்ல.”

அவள் சிரிக்கவில்லை. எமிலைப் பார்த்தாள். அவர் முகம் சரியில்லை என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. “டான் எமில், என்ன ஆச்சு?” என்றாள். பெரியவர்களை அவர்கள் ஊரில் மரியாதைக்கு ‘டான்’ போட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

“ரோசலியை எழுத மாட்டேங்கறா” என்றார், ஸ்கூல் பையன் புகார் சொல்வதுபோல.

“இங்க இல்லாதவங்களை எழுதக் கூடாதும்மா” என்றேன். “இருக்கிறவங்களை எழுதலாம்னா அவங்க ஒளிஞ்சுக்கிறாங்க. இந்த ஊரை எப்படித்தான் எண்ணி முடிக்கப் போறேனோ.”

ஹெர்மெலிண்டா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

“டான் எமில் எனக்காகக் கவர்ன்மென்ட்கிட்டப் பொய் சொல்ல வேணாம். நான் சொல்றேன். எழுதிக்கோங்க.”

இரண்டு கைகளையும் மேசைமேல் விரித்து வைத்து, ஒவ்வொரு விரலாகத் தொட்டு ஒவ்வொரு பெயராகச் சொன்னாள். தான், தம்பி, தம்பி மனைவி, சித்தப்பா, அவர் மகன், ஆலையில் கூட வேலை செய்யும் ஒருவன், தன் பிள்ளைகள் இருவர், தம்பியின் கைக்குழந்தை. எல்லாருடைய பிறந்த தேதியும் அவளுக்கு மனப்பாடம். நான் எழுதிக்கொண்டே வந்தேன். ஒன்பது முடிந்தது. பத்தாவது விரலைத் தொட்டாள்.

“ஒடிலியா. எட்டு வயசு.”

இந்தப் பெயர் என் பஸ்ஸில் ஏறியதே இல்லை. பென்சிலை நிறுத்தினேன். “இங்க இருக்காளா?”

அவள் அந்தச் சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல. ஊர்ல. குவாத்தமாலாவுல, என் அம்மாகிட்ட இருக்கா என் பொண்ணு. நாங்க வரும்போது ரொம்பச் சின்னது, தூக்கிக்கிட்டு வர முடியல.” இன்னொரு கையால் அந்த விரலைப் பிடித்து மெதுவாக மடக்கினாள். “அப்ப ஒம்பது.”

எமில் அந்த மடங்கிய விரலைப் பார்த்தார். நான் படிவத்தில் மிச்சமிருந்த கட்டங்களை வேண்டுமென்றே நிதானமாக நிரப்பினேன். தலை நிமிர்ந்தால் அழுதுவிடுவேன் என்று இருந்தது.

“ஒண்ணு” என்றார் எமில்.

“என்ன?”

“என் வீட்டுக்கு. ஒண்ணு. போட்டுக்கோ.”

போட்டேன். ஹெர்மெலிண்டா ஒரு தமாலேயைப் பிரித்து அவர் முன்னால் நகர்த்தினாள். அவர் ஒரு முள்கரண்டியை எடுத்து, அதைப் பாதியாக்கி, ஒரு பாதியை அவள் பக்கம் தள்ளினார்.

அடுத்த வருஷம் எண் வந்தது. ஐயாயிரத்து நாலு. கார்விக் நகரமாகவே நீடித்தது. நாலாவது தெருவில் ஒடெசா தூண்டிலை வாசலுக்குக் கொண்டுவந்து ஆட்டிக் காட்டினாளாம். ஹெர்மெலிண்டா வீட்டுக்கு ரெண்டு என்றே எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் கழித்துப் பார்த்தேன். சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேனே, ஒருவரிடமும் சொல்லவில்லை.

எண்ணப் போன அன்று எமில் வீட்டிலிருந்து வெளியே வந்ததும் படிவத்தில் நேரமும் கையெழுத்தும் போட வேண்டியிருந்தது. வைத்து எழுத வேறு இடமில்லாமல் தபால் பெட்டியில் சாய்த்து எழுதினேன். ஈரம் என்று அவர் முதலிலேயே சொன்னது மறந்தே போயிற்று. எமில் பிரஷ்ஷோடு பின்னால் வந்து, தன் பெயரின் முதல் எழுத்துக்கு முன் குனிந்தார். ரோசலியின் கடைசி எழுத்து கொஞ்சம் கலைந்திருந்ததைப் பார்த்தார், என்னைத் திட்டவில்லை.

மாலையில் ஆபீசில் சூப்பர்வைசர் ஒவ்வொரு படிவமாகப் புரட்டிக்கொண்டு வந்தவர் ஒன்றில் நின்றார். ஒன்று என்று எழுதிய கட்டத்துக்குப் பக்கத்திலேயே வெள்ளையாக ஒரு பெருவிரல் அடையாளம்.

“என்ன இது? ரப்பர் போட்டு அழிச்சுக் குடு.”

“பெயின்ட் சார். லேசுல போகாது.”

நகத்தால் இரண்டு தடவை சுரண்டிப் பார்த்தார். பிறகு அதை அப்படியே மற்றப் படிவங்களோடு பெட்டிக்குள் போட்டு மூடினார்.