உள்ளே ஆள் இருக்கு

பெரிய மனசு பண்ணி மன்னித்துவிடு என்றார் என் வீட்டுக்காரர். எனக்கு அவ்வளவு பெரிய மனசெல்லாம் கிடையாது. இருக்கிற சின்ன மனசிலும் அந்த ஆள்தான் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

அந்த ஆள் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். நானும் என் நாத்தனாரும் அவருக்கு வைத்த பெயர் வெண்டைக்காய். எதைக் கேட்டாலும் வழவழ கொழகொழ என்றுதான் பதில் வரும். சங்கக் கூடத்தில் சக்கர நாற்காலி நுழைகிற மாதிரி ஒரு கழிப்பறை வேண்டும் என்று அவரிடம் நடையாய் நடந்தேன். சக்கர நாற்காலியில் போகிறவள் எப்படி நடந்தாய் என்று கேட்காதீர்கள், நடந்தேன். கடைசியில் கட்டினார்கள். அகலக் கதவு, சுவரில் கைப்பிடி, கதவில் சக்கர நாற்காலிப் படம். திறப்பு விழாவில் என்னைப் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்துக்கொண்டார் வெண்டைக்காய்.

அந்தப் படம் காய்வதற்குள் உள்ளே மடக்கு நாற்காலிகள் கூரை வரை ஏறிவிட்டன. துடைப்பம், வாளி, கிழிந்த பேனர் எல்லாம் வந்து சேர்ந்தன. கூடத்து மைக்செட்டும் அங்கேதான், கை கழுவும் மேடையின் மேல். நல்ல பிளக் அங்கேதான் இருக்கிறதாம். மைக் ஒயர் கதவுக்கு அடியில் புகுந்து கூடத்து மேடைக்குப் போகும்.

போன கூட்டத்தில் எனக்கு அவசரமாக வந்தது. கதவைத் திறந்தால் நாற்காலி மலை.

"சார், கொஞ்சம் இதையெல்லாம் எடுக்கச் சொல்லுங்க, ப்ளீஸ்."

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க சிஸ்டர். ஆளை வரச் சொல்றேன்."

ஆள் வரவில்லை. நான் நனைந்தேன். என் நாற்காலிக்குக் கீழே தரையில் ஓடியதை எல்லோரும் பார்த்தார்கள். நாத்தனார் தன் துப்பட்டாவைக் கழற்றி என் மடியில் போட்டு, என்னைத் தள்ளிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். அப்போது மைக்கில் வெண்டைக்காய் சொன்னதுதான் இன்னும் என் காதில் இருக்கிறது.

"கூட்டத்துக்கு வர்றவங்க தயவுசெஞ்சு வீட்டுலயே எல்லாத்தையும் முடிச்சிட்டு வாங்க."

நாலு பேர் சிரித்தார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும்.

மறுநாள் நேரில் போய்க் கேட்டேன். "நீங்க எப்பவோ ஒரு தடவை வர்றீங்க. அதுக்காக ஒரு ரூமைச் சும்மா போட்டு வைக்க முடியுமா சிஸ்டர்?" என்றார். அட மடப்பயலே, அந்த ரூம் இல்லாததால்தானே நான் அடிக்கடி வருவதில்லை! கூட்டம் என்றால் முதல் நாளிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். நாக்கு வறண்டு போய் உட்கார்ந்திருப்பேன். இது அவருக்கு எதற்கு? அடுத்து வரும் ஆண்டுக் கூட்டத்தில் அந்த அறையை நிரந்தரமாகச் சாமான் அறையாக்கத் தீர்மானம் கொண்டுவரப் போவதாக நோட்டீஸே ஒட்டிவிட்டார். அது நிறைவேறினால் கதவில் இருக்கிற படத்தையும் சுரண்டிவிடுவார்கள். அத்தோடு அந்தக் கூடம் எனக்கு இல்லை.

"அண்ணி, என்ன பண்ணப் போறீங்க?" என்றாள் நாத்தனார்.

"தண்ணி குடிக்கப் போறேன்."

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் செய்கிறவள். என் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. எத்தனையோ வண்டிகளைக் கிளப்பிவிட்டவளுக்கு இந்த ஆளைக் கிளப்பத் தெரியாதா?

கூட்டத்தன்று ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போனேன். ஆண்டுக் கூட்டத்துக்கு எல்லோரும் வருவார்கள் என்று நாற்காலிகளையெல்லாம் கூடத்தில் போட்டிருந்தார்கள். வருஷத்தில் அன்றைக்குத்தான் அந்த அறை காலி. மிச்சமிருந்த வாளியையும் துடைப்பத்தையும் நாத்தனார் காலால் எத்தி வெளியே தள்ளினாள். நான் உள்ளே போய்த் தாழ் போட்டேன். கைப்பிடியைப் பிடித்து மாறி உட்கார்ந்து, வந்த வேலையை நிம்மதியாக முடித்தேன். தண்ணீரை மட்டும் திறந்துவிடவில்லை. மறுபடி என் நாற்காலிக்கு மாறிக் காத்திருந்தேன். மைக்செட் பக்கத்திலேயே இன்னொரு மைக் சும்மா கிடந்தது.

வெளியே வெண்டைக்காயின் குரல். "அடுத்த தீர்மானம். அந்த ரூமை யாருமே பயன்படுத்துறதில்ல..."

மேடை மைக்கை அணைத்தேன். என் மைக்கைப் போட்டேன்.

"உறுப்பினர்களின் கனிவான கவனத்திற்கு."

பேருந்து நிலையத்துக் குரல் தங்கள் தலைக்கு மேலே எப்படி வந்தது என்று ஆளாளுக்கு அண்ணாந்து பார்த்தார்களாம். கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"சிஸ்டர்! என்ன இது? கதவைத் திறங்க!"

"உள்ளே ஆள் இருக்கு சார்."

யாரோ பக்கென்று சிரித்தார்கள். இந்தத் தடவை சிரிப்பு என் பக்கம்.

"எல்லாரும் வெயிட் பண்றாங்க சிஸ்டர்! மைக்கையாவது குடுங்க!"

"ஒரு பத்து நிமிஷம் பொறுத்துக்கங்க. இல்லேன்னா, பேச வேண்டியதையெல்லாம் வீட்டுலயே முடிச்சிட்டு வந்திருக்கணும்." அதற்குமேல் என் குரல் கொஞ்சம் உடைந்தது, உடையட்டும் என்று விட்டேன். "போன கூட்டத்துல நான் நனைஞ்சதை எல்லாரும் பார்த்தீங்க. கதவுக்குப் பின்னாடி என்ன இருந்துச்சுன்னு யாரும் பார்க்கல. இந்த ரூமை யாருமே பயன்படுத்துறதில்லன்னு இப்ப சொன்னாரு. கேட்டுக்கங்க."

மைக்கைத் தொட்டிக்குப் பக்கத்தில் பிடித்து, ஃப்ளஷ் கைப்பிடியை அழுத்தினேன்.

கூடத்தின் நான்கு ஸ்பீக்கரிலும் தண்ணீர் இறங்கியது. அணை திறந்த மாதிரி ஒரு சத்தம். கடைசி களக் களக் வரைக்கும் கேட்கவைத்தேன்.

சங்கத் தலைவியம்மா தொண்டையைச் செருமிக்கொண்டு, மைக் இல்லாமலே கத்தினார். "சரி, தீர்மானத்துக்கு யார் யார் ஆதரவு? கையைத் தூக்குங்க." கதவைத் தட்டத் தூக்கியிருந்த வெண்டைக்காயின் கை ஒன்றுதான் அந்தக் கூடத்திலேயே மேலே இருந்ததாம். அதையும் அவர் மெல்லக் கீழே இறக்கிக்கொண்டதை நாத்தனார் இன்றைக்கும் நடித்துக் காட்டுவாள்.

கதவைத் திறந்து வெளியே வந்தேன். மைக்செட்டை இப்போதே எடுத்துவிடுங்கள் என்று தலைவியம்மா சொல்ல, வெண்டைக்காயே உள்ளே போய் அதைத் தூக்கி, அழுகிற பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நானும் சொல்லவில்லை.

நாத்தனாரிடம் கை நீட்டினேன். இன்னொரு பாட்டிலைக் கொடுத்தாள். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, நிதானமாக, கடைசிச் சொட்டு வரை குடித்தேன்.

எனக்குத் தாகமே இல்லை.