வார்டு வாசலில் பறித்த இலை

ஓய்வுபெற்ற தாவரவியல் பேராசிரியர் இலையைப் பார்த்த மாத்திரத்தில் மரத்தின் பெயரைச் சொல்லிவிடுவார், கேட்காதவர்களுக்கும் சொல்வார். அவர் மனைவிக்கு இரண்டு கண்ணிலும் அறுவை முடிந்து, கட்டுப் போட்டு ஒரு வாரம் ஆகியிருந்தது. மறுநாள் கட்டைப் பிரிப்பார்கள். பார்வை திரும்புமா என்பதற்கு மருத்துவரே பிடி கொடுக்கவில்லை. அதனால் பேராசிரியர் தினமும் இலையும் குச்சியுமாக வந்து மனைவியின் விரல்களுக்கு வகுப்பு எடுத்தார்.

"ஓரம் ரம்பம் மாதிரி இருக்கா? குச்சியில இலை ஜோடி ஜோடியா வருதா? மரத்தைக் கண்டுபிடிக்கக் கண்ணே வேண்டாம், தெரியுமா?"

பக்கத்துக் கட்டில்காரி போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள்.

அன்று கொடுத்த இலையை மனைவி வெகுநேரம் தடவினாள்.

"இதை எங்க பறிச்சீங்க?"

"வார்டு வாசல்ல, தொட்டியில. அபூர்வ இனம். சொல்லு பார்ப்போம்."

"பிளாஸ்டிக்குங்க."

பேராசிரியர் வாங்கிப் பார்த்தார். காம்பிலிருந்து கம்பி நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில் போர்வை குலுங்கியது.

மனைவி மட்டும் சிரிக்கவில்லை. துழாவி அவர் கையைப் பிடித்தாள்.

"அவ்வளவு பயமா இருக்கா உங்களுக்கு?"

"ம்."

"எனக்குந்தான். பாடம் போதும், இப்படி வந்து உக்காருங்க."

உட்கார்ந்தார். ஜன்னலுக்கு வெளியே ஒரு மரம் நின்றது. அதன் பெயரை அவர் சொல்லவில்லை.