ஏழாவது வரி

நான் யாரையும் எளிதில் நம்புகிறவள் இல்லை. சம்பளமே அதற்குத்தான் தருகிறார்கள். திருமழிசை எஸ்டேட்டில், கார்களுக்கு பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் எண்ணெய் போகும் ரப்பர் குழாய், செய்யும் ஒரு சின்ன கம்பெனியில் பதினோரு வருடமாக இன்ஸ்பெக்டர். ஹோஸில் அழுத்தம் ஏற்றிப் பார்ப்பது, எண்ணைக் குறிப்பது, ஒழுங்காக இல்லாததற்கு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டுவது. "உன்கிட்ட குடுத்தா கோயில் பிரசாதத்துக்கே ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டுவே பானு" என்பார் என் வீட்டுக்காரர். ஒட்ட வேண்டியதாக இருந்தால் ஒட்டத்தான் செய்வேன்.

அதனால்தான் தம்பி கிஷோர், பழைய பாராசூட் வாங்கப் போகிறேன் என்று சொன்னதும், நானும் வருவேன் என்று ஒற்றைக் காலில் நின்றேன்.

கிஷோருக்கு அம்பத்தூரில் ஐ.டி. வேலை, பூந்தமல்லியில் தனி ஃபிளாட். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஆபீஸ் நண்பர்களோடு தாய்லாந்து போனவன், விமானத்திலிருந்து குதிக்கக் கற்றுக்கொண்டு வந்தான். நான் ஒரு மாதம் அவனோடு பேசவில்லை. அவன் போவதை நிறுத்தவும் இல்லை. அடுத்த மாதம் மறுபடியும் பயணம். இந்த முறை சொந்தமாக ஒன்று இருந்தே ஆக வேண்டுமாம்.

"வாடகைக்குக் கேட்டா பெருசா ஒரு பாராசூட் கொடைய குடுத்துர்றாங்கக்கா. ஆடி அசைஞ்சிகினு எறங்குது. கூட வர்றவனுங்க சிரிக்கிறானுங்க."

"சிரிச்சா சிரிச்சிகினு போறானுங்க. உனுக்கு இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை காலை என் ஸ்கூட்டரில் அவனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஆவடியைத் தாண்டி முத்தாபுதுப்பேட்டைக்குப் போனேன். மடியில் ஒரு பையை அணைத்துப் பிடித்திருந்தான். என்ன என்று கேட்டதற்கு, நோட்டுப் புத்தகம் என்றான்.

விற்கிறவர் பெயர் எத்திராஜ். ஐம்பது வயதிருக்கும். துபாயில் பதினெட்டு வருடம் வேலை பார்த்து, அங்கேயே குதிக்கவும் பழகி, இப்போது அதை விட்டுவிட்டு ஊர் திரும்பியவர். கேட்டைத் திறக்க வந்தபோதே கவனித்தேன், வலது காலை இழுத்து இழுத்து நடந்தார். எனக்குள் முதல் ஸ்டிக்கர் அப்போதே விழுந்துவிட்டது.

ஹாலில் பாய் விரித்து அதன்மேல் வைத்திருந்தார். பள்ளிப் பையைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பும் நீலமுமான ஒரு பை. ஒரு தூசி இல்லை. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. விற்கிற அன்று வண்டியைக் கழுவிப் பளபளவென்று நிறுத்துகிறவன் எதையோ மறைக்கிறான் என்பது என் அனுபவம்.

அவர் மனைவி சரசா மோர் கொண்டுவந்து வைத்தார். நான் குடிக்கவில்லை. வாங்கப் போகிற இடத்தில் கை நனைத்தால் பிறகு வாய் திறக்க வராது.

"உள்ள ரெண்டு கொடை கீதும்மா" என்று எத்திராஜ் எனக்கே விளக்கினார். "கீழ கீறது மெயின். அத்த நாமே மடிச்சிக்கலாம். மேல கீறது ரிசர்வ். மெயின் கோளாறு பண்ணா உசுரக் காப்பாத்துறது அதான். அத்த நாம தொடக் கூடாது. லைசென்ஸ் வாங்கின ஆள்தான் மடிச்சி சீல் போடணும்." கிஷோர் மயங்கியோ பயந்தோ ஒன்றும் செய்யாமல் விழுந்துகொண்டே இருந்தால், ரிசர்வைத் தானாகத் திறந்துவிடும் சின்ன மெஷின் ஒன்றும் உள்ளே இருக்கிறதாம். அதற்கும் ஆயுள் உண்டாம். இன்னும் ஆறு வருடம் மிச்சம் என்றார்.

"மிச்சம்னு நீங்க சொல்றீங்க" என்றேன்.

கிஷோர் என் காலை மிதித்தான். எத்திராஜ் கோபப்படவில்லை. பையின் ஒரு மடிப்பைத் திறந்து, மெஷின் தயாரித்த தேதி அச்சடித்த இடத்தைக் காட்டினார். படித்தேன். மனதுக்குள் கணக்குப் போட்டேன். சரியாகத்தான் இருந்தது.

"ரிசர்வ் எப்ப மடிச்சது?"

"ரெண்டு மாசம் ஆவுது. தெரிஞ்சவர் ஒருத்தர் தாய்லாந்து போனாரு. அவராண்ட குடுத்தனுப்பி சீல் போட்டு வாங்கியாந்தேன்."

"நீங்கதான் குதிக்கறதில்லயே. அப்புறம் இன்னாத்துக்கு மடிக்கணும்?"

"விக்கிறப்போ ஆறு மாசக் கெடு முடிஞ்சத குடுக்கறது நல்லா இருக்குமா?"

இதையும் நான் நம்பவில்லை. சிவப்பு நூலையும் அதன் முனையில் இருந்த ஈய முத்திரையையும் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன். மடித்தவர்கள் கையெழுத்துப் போடும் அட்டையைக் கேட்டு வாங்கினேன். அட்டைகள் என் சொந்த ஊர் மாதிரி. எவன் வேலை செய்துவிட்டு எழுதினான், எவன் வெறுமனே உட்கார்ந்து எழுதினான் என்று சொல்லிவிடுவேன்.

அந்த அட்டையில் ஒன்பது பதிவுகள், நான்கு பேர் கையெழுத்து. ஒருவர் கிறுக்கியிருந்தார். ஒருவர் மாதத்தையும் தேதியையும் மாற்றிப் போட்டுவிட்டு அடித்துத் திருத்தியிருந்தார். ஓர் இடத்தில் மழை பட்டு மை கலங்கியிருந்தது. உண்மையான ரெக்கார்டு இப்படித்தான் அலங்கோலமாக இருக்கும். குறை கண்டுபிடிக்க முடியாதது எனக்கு எரிச்சலாகவே இருந்தது.

கடைசியில் மனதில் இருந்ததைக் கேட்டேவிட்டேன். "உங்க காலு இந்த கொடையாலதான் போச்சா?"

சரசா அடுப்படி வாசலில் நின்றுவிட்டார். எத்திராஜ் முட்டியைத் தடவிக்கொண்டார்.

"ஆமா. ஆனா கொடை மேல தப்பு இல்லம்மா. இது நூத்தி முப்பத்தஞ்சு சதுர அடி. உன் தம்பி மாதிரி புதுசா குதிக்கறவங்களுக்கு நூத்தித் தொண்ணூறு, இருநூறு குடுப்பாங்க. கொடை சின்னதானா வேகம் ஜாஸ்தி. ஒரு பக்கம் இழுத்தா சட்டுனு திரும்பும். திரும்பறப்பவே கீழ பாயும். உசரத்துல பாஞ்சா தமாசா இருக்கும். நூறடியில பாஞ்சா நிமிர எடமில்ல. யாரோ குறுக்க வந்தான்னு நான் கீழ வந்து திருப்பினேன். தொடை, முட்டி ரெண்டும் போச்சி. அன்னிக்கு என் கணக்கு நூத்திப் பத்து ஜம்ப். எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருந்திச்சி."

பிறகு கிஷோரைப் பார்த்தார். "அதான் போன்லயே சொன்னேன் தம்பி. இருநூறு ஜம்ப் ஆனவனுக்குத்தான் தருவேன். புக்கு எடுத்தாந்தியா?"

எனக்குச் சுருக்கென்றது. நாங்கள் வாங்க வந்தவர்கள். எங்களையே இவர் சந்தேகப்படுகிறாரா? "என் தம்பி பொய் சொல்ற ஆள் இல்ல" என்று சொல்லியும்விட்டேன்.

"இருக்கட்டும்மா. என்னை நீ செக் பண்ணியா இல்லியா?"

கிஷோர் பையிலிருந்து அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்தான். ஒவ்வொரு குதிப்புக்கும் ஒரு வரி. தேதி, இடம், உயரம், கூட இருந்தவர் கையெழுத்து. எத்திராஜ் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். நடுநடுவே கேள்வி கேட்டார், கிஷோர் தயங்காமல் பதில் சொன்னான். கடைசி வரியில் எண் இருநூற்றுப் பன்னிரண்டு. எத்திராஜ் புத்தகத்தை மூடித் தரையில் வைத்தார்.

"சரி தம்பி. மாட்டிப் பாரு."

கிஷோர் பையை முதுகில் ஏற்றினான். தொடைப் பட்டையை எப்படி இறுக்குவது என்று எத்திராஜ் குனிந்து காட்டினார். என் தம்பியின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து வெகுநாளாகிவிட்டது. எனக்கு வேலை முடிந்துவிட்டது. ஆனால் கை சும்மா இருக்காதே. தரையில் இருந்த புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன்.

முதல் சில பக்கங்கள் நன்றாகவே அலங்கோலமாக இருந்தன. நாற்பத்து மூன்றாவது குதிப்புக்குப் பிறகு அலங்கோலமும் அளவெடுத்த மாதிரி ஆகிவிட்டது. நீலப் பேனாவில் நான்கு வரி, கறுப்பில் மூன்று, மறுபடி வேறொரு நீலம். ஒரு பக்கத்தில் டீ டம்ளர் வைத்த வட்டக் கறை. ஏழாவது வரியில் ஒரு சின்னத் தப்பு, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சுருக்கொப்பம்.

அடுத்த பக்கத்திலும் ஏழாவது வரி. அதற்கடுத்த பக்கத்திலும்.

இது என் வேலை. இந்த மூன்று பேனா, இந்த டீக்கறை, பக்கத்துக்கு ஓர் அடித்தல் எல்லாம் என்னுடையது. மூன்று வருடத்துக்கு முன்னால் எங்கள் கம்பெனியில் அழுத்தம் பார்க்கும் மெஷின் ஒன்பது நாள் பழுதாகிக் கிடந்தது. சரக்கு மட்டும் சோதிக்காமலே போய்க்கொண்டிருந்தது. ஆடிட் வந்தபோது ஒன்பது நாள் சோதனை ஷீட்டையும் வீட்டில் வைத்து ஒரே உட்காரலில் எழுதினேன். எண்களை வாய்க்கு வந்தபடி சொல்லிக்கொண்டிருந்தவன் கிஷோர். "தப்பே இல்லாம எழுதுனா ஆடிட்டருக்கு மூக்குல வேர்க்கும்டா. பக்கத்துக்கு ஒண்ணு அடிக்கணும்" என்று பெருமையாகச் சொன்னது நான்தான். ஒரே வரியிலேயே அடிக்கக் கூடாது என்று சொல்ல மறந்திருக்கிறேன்.

அப்படியும் மனது கேட்கவில்லை. தற்செயலாக இருக்கலாம் என்று தேதிகளைப் பார்த்தேன். பிப்ரவரி இரண்டு, ஞாயிறு, தாய்லாந்து, நான்கு குதிப்பு.

அன்றைக்கு என் மகள் கவிப்பிரியாவுக்குக் குத்தம்பாக்கத்தில் காது குத்தினோம். தாய்மாமன் மடியில்தான் குழந்தையை உட்கார வைப்பார்கள். கிஷோர் பட்டு வேட்டி கட்டி உட்கார்ந்திருந்தான். ஊசி போனதும் குழந்தை வீறிட்டது, இவனுக்கும் கண் கலங்கிவிட்டது. குழந்தையை மடியில் வைத்தபடியே இவன் இந்தப் புத்தகத்தில் வானத்திலிருந்து நான்கு முறை குதித்திருக்கிறான்.

"இன்னாம்மா, திருப்தியா?" என்றார் எத்திராஜ்.

சுலபமான வழி ஒன்று இருந்தது. நூல் சரியில்லை, தையல் சரியில்லை என்று பையின்மேல் பழி போட்டுக் கிளம்பிவிடலாம். ஆனால் இந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு இவன் வேறொருவரிடம் போவான். அங்கே என்னைக் கூட்டிப் போக மாட்டான்.

"அவனுக்கு இருநூறு ஆவல" என்றேன். என் குரல் எனக்கே அசிங்கமாகக் கேட்டது. "நாப்பத்தி மூணுதான். மிச்சம் எல்லாம் ஊட்ல உக்காந்து எழுதுனது."

கிஷோர் அப்படியே நின்றான். "அக்கா, இன்னா ஒளர்ற?"

"பிப்ரவரி ரெண்டாம் தேதி கவி யார் மடியில உக்காந்துகினு இருந்தா?"

எத்திராஜ் புத்தகத்தை என்னிடமிருந்து வாங்கி மறுபடி பார்த்தார். "நல்லாதானே கீது... நான் எத்தினி புக்கு பாத்திருக்கேன். எப்பிடிம்மா கண்டுபுட்ச?"

"எழுதக் கத்துக் குடுத்ததே நான்தான்ணே."

எத்திராஜ் கண்ணாடியைக் கழற்றினார். குனிந்து, கிஷோரின் தொடைப் பட்டைகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். பையை அவன் முதுகிலிருந்து இறக்கி, பாயில் வைத்தார். "நாப்பத்தி மூணு ஒண்ணும் கேவலம் இல்ல தம்பி. பெரிய கொடையவே வாடகைக்கு எடுத்துக் குதி. சிரிக்கறவன் எவனும் ஆஸ்பத்திரிக்கு பால் வாங்கியாந்து குடுக்க மாட்டான். நெஜமா இருநூறு ஆனதும் வா. அப்பவும் என்னை நம்பாத, நான் விக்கிறவன். வேற விசயம் தெரிஞ்ச ஆளாண்ட காட்டிட்டு வாங்கு."

கிஷோர் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தான்.

"நீயும்தானேக்கா எழுதுன? ஒம்போது நாளு. இன்னா ஆயிடிச்சி? ஒண்ணும் ஆவலயே."

யார் வீட்டிலோ குக்கர் விசில் அடித்தது. ஒன்றும் ஆகவில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் போய்ப் பார்த்தேனா? மூன்று வருடத்தில் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. ஊரில் உள்ள எல்லோர்மேலும் ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு திரிந்தேன். என்மேல் ஒட்ட மட்டும் தோன்றவில்லை.

சரசா வைத்த மோரை எடுத்து நின்றபடியே குடித்தேன். வருகிறோம் என்று சொல்லிவிட்டு இறங்கினோம்.

ஆவடி தாண்டி பூந்தமல்லி வந்தோம். சிக்னலில் நின்றேன். எனக்கு முன்னால் ஒரு வெள்ளைக் கார். பின்கண்ணாடி வழியே இரண்டு குழந்தைகள் எங்களைப் பார்த்துப் பழிப்புக் காட்டின. பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது. அந்த வண்டிக்குள் இருப்பது யார் செய்த ஹோஸ் என்று கேட்டுக்கொண்டேன். பக்கத்து ஆட்டோ, வேன், பின்னால் வந்து நின்ற டாக்ஸி என்று ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கி, நிறுத்த முடியவில்லை.

"அக்கா" என்றான் கிஷோர், பின்னாலிருந்து. கோபம் இறங்கியிருந்தது. "அந்த ஒம்போது நாள் சரக்கு எங்க போச்சி?"

"தெர்லடா. நாளைக்கு மேனேஜராண்ட சொல்லி, எங்க போச்சினு தேடச் சொல்லப் போறேன்."

"வேலை பூடும்க்கா."

"போவட்டும்."

"நம்பர்லாம் நான்தானே சொன்னேன். நானும் வரேன்" என்றான்.

பச்சை விழுந்தது. வெள்ளைக் கார் புறப்பட்டது. நான் அதற்குப் பின்னால் நிறைய இடம் விட்டே ஓட்டினேன்.