ஆறாவது பலகை

1

அழியாத புகழின் விலை எண்ணூற்றைம்பது, திருகாணி நான்கும் சேர்த்து. ஆறாக எடுத்தால் ஆறாவது சும்மா.

கடை உரிமத்தைப் புதுப்பிக்க நகராட்சி அலுவலகத்தில் காத்துக் கிடந்தபோது, பெயர்ப்பலகை செய்கிறவர் பெயர்ப் பிரிவு எழுத்தரிடம் சொன்னது காதில் விழுந்தது. இந்தக் கதையில் நான் திருடியது அந்த ஒரு வரிதான். மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு என்றுதான் மூன்றாம் பகுதி எழுதும்வரை நினைத்திருந்தேன்.

2

இடி இடித்து மழை கொட்டிய அந்த

[வேண்டாம். மழையைக் காட்டிப் பயமுறுத்துவது மட்ட வியாபாரம். நல்ல வெயில். மின்விசிறி ஓடுகிறது.]

எழுத்தருக்கு நாற்பது வயது. பொதுக் கட்டடங்களுக்குப் பெயர் வைக்கும் விதிகள் அவளுக்கு மனப்பாடம். அதில் தலையாயது, உயிரோடிருப்பவர் பெயரை வைக்கக் கூடாது என்பது.* இறப்புச் சான்றிதழ் வேண்டும். இல்லாவிட்டால் கூடப் பிறந்தவர் எழுதிக் கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். பிறகு அந்தக் கட்டடத்து வாசலில் முப்பது நாள் அறிவிப்பு. ஆட்சேபணை இருப்பவர்கள் படிவத்தை நிரப்பிப் பெட்டியில் போடலாம்.

அந்த மாதம் தேறியது ஐந்து பெயர்கள்.

"ஆறாவது சும்மா வருது மேடம். விட்டுடுவீங்களா? நான் என்ன, என் பேரைப் போட்டு வீட்ல மாட்டிக்கவா?" என்றார் பலகைக்காரர்.

"உங்க பேரைப் போட முடியாது. நீங்க உயிரோட இருக்கீங்க."

"அது ஒரு குறையா?"

"இந்த ஆபீஸ்ல அதுதான் குறை."

இருவரும் சிரித்தார்கள். அவர் போன பிறகும் அந்த ஆறாவது பலகை அவள் மண்டைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. சும்மா வருவதை விடுவதற்கு யாருக்குத்தான் மனம் வரும்?

கடைசித் தெருவில் பெயரில்லாத வாசகசாலை ஒன்று இருந்தது. அவளுடைய அண்ணன் தினமும் செய்தித்தாள் படித்த இடம். ஆள் அத்தனை ஒல்லி. தெருவே அவனை ஒட்டடைக்கம்பு என்றுதான் கூப்பிடும். பதினோரு வருடத்துக்கு முன்னால், "பல்பு ஃப்யூஸ் போயிடுச்சு, வாங்கிட்டு வந்துடறேன்" என்று அந்த வாசகசாலையிலிருந்து கிளம்பியவன்தான். பல்பும் வரவில்லை, ஆளும் வரவில்லை.

அன்று மாலை, அந்த வாசகசாலைக்கு அண்ணன் பெயரை வைக்க அவள் உறுதிமொழி எழுதினாள்: 'என் அண்ணன் இறந்துவிட்டார்.' ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. தயங்கியிருந்தால் இந்தக் கதையே இருந்திருக்காது, எனக்கு வேலை மிச்சமாகியிருக்கும்.

* முன்பு உயிரோடிருந்த ஒருவர் பெயரை வைத்தார்கள், மறுவாரமே அவர் சிறைக்குப் போய்விட்டார். இறந்தவர்கள் புதிதாக எந்த வழக்கிலும் மாட்டுவதில்லை.

3

முப்பதாம் நாள் பிற்பகல் அவள் வாசகசாலைப் பெட்டியைத் திறந்தாள். பெட்டி காலியாக இருந்தது.

[இப்படித்தான் எழுதிவைத்தேன். அடுத்த நாள் எடுத்துப் படித்தால், பெட்டியில் ஒரு தாள் இருக்கிறது.]

நிரப்பிய படிவம். 'மேற்படி பெயரை வைப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' வரிக்கு வரி மேல்நோக்கி ஏறிப்போகும் கையெழுத்து. அது யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 'மறைந்தவருக்கும் உங்களுக்கும் உள்ள உறவு' என்ற கட்டத்தில், 'ரொம்ப நெருக்கம்' என்றிருந்தது.

வாசலில் பலகைக்காரர் ஏணியிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். கெடு முடிவதற்கு முன்பே பலகையை மாட்டித் துணியால் மூடிவைப்பது அலுவலக வழக்கம்.

"முடிஞ்சுது மேடம். உங்க அண்ணன் இருந்ததால சுளுவா போச்சு."

"எந்த அண்ணன்?"

"உங்களுக்கு எத்தனை அண்ணன்? உங்க அண்ணன்னு சொல்லிட்டு இவ்வளவு நேரம் ஏணியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரே, மெலிஞ்ச ஆளு. துணி போடறதுக்கு முன்னாடி, எழுத்தெல்லாம் சரியா இருக்கான்னு கேட்டேன். நிதானமாப் பார்த்துட்டு, 'சரியாத்தான் இருக்கு'ன்னார்."

"எங்க இப்ப?"

"உள்ள போனாரு. கையில ஒரு பல்பு இருந்துச்சு."

ஏணியடியில் நான் யாரையும் நிறுத்தவில்லை. பழைய பிரதிகளைப் புரட்டிப் பார்த்தேன். முதல் பிரதியில் ஏணி தனியாகத்தான் சாய்ந்திருக்கிறது. இரண்டாவதில் அதன் கீழ்ப்படியில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கையை நான் எழுதவில்லை.

4

அவள் உள்ளே

[போகவில்லை. நான்கு முறை அனுப்பிப் பார்த்துவிட்டேன். வாசற்படியிலேயே நின்றுவிடுகிறாள்.]

படிவத்தைக் கோப்பில் சேர்த்தால் அண்ணன் உயிரோடிருக்கிறான். பலகை இறங்கும், பொய் உறுதிமொழிக்காக அவள் வேலை போகும். கிழித்துப் போட்டால் வேலை தங்கும். ஐந்து மணிக்குத் துணியை உருவுவார்கள். விதிப்படி அண்ணன் இறந்தவன் ஆவான். அப்போது உள்ளே இருப்பவன்

"கிழிச்சிடு," என்று உள்ளிருந்து ஒரு குரல் கேட்கிறது. கோபமில்லாத, சாதாரணக் குரல். "சும்மா கிடைச்சதுதானே. எனக்கு ஒண்ணும் இல்ல."

"அண்ணா, நீ இருக்கியா இல்லையா? அதை மட்டும் சொல்லு."

"உறுதிமொழியில நீ என்னன்னு எழுதின?"

உள்ளே விளக்கு எரிகிறது.

5

இதற்கு மேல் நான் எழுதப் போவதில்லை. எந்த முடிவை எழுதினாலும் காலையில் எழுந்து பார்க்கும்போது அதில் ஒரு வரி கூடியிருக்கிறது. அந்த வரி மேல்நோக்கி ஏறுகிறது.

மணி நாலே முக்கால். அவள் இன்னும் படியில்தான் நிற்கிறாள், படிவத்தின் இரு ஓரங்களையும் பிடித்துக்கொண்டு. விதிப்படி பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் ஐந்து மணிவரை ஆட்சேபிக்கலாம். நீங்களும் பொதுமக்கள்தான். பெட்டி திறந்தே இருக்கிறது.

என் பங்குக்குச் சரக்கைக் கணக்குப் பார்த்து ஒப்படைத்துவிடுகிறேன். பலகை ஆறு. அவற்றை மூடிய துணி ஆறு. இறந்தவர்கள் ஐந்து.

நிலுவை ஒருவர்.